எக்மோ இயந்திரமும் நுரையீரலின் ஓய்வும்



"எக்மோ" என்னும் சொல் இன்று நம் மக்களுக்குப் புதிதல்ல. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா அவர்களுக்கும், 2020ஆம் ஆண்டு பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களுக்கும் சென்னையில் இக்கருவி பொருத்தப்பட்ட நாட்களில், செய்தித்தாள்கள் வாயிலாக இச்சொல் வீடுதோறும் சென்றது. இருவரும் பிழைக்காதபடியால், "எக்மோ வைத்துவிட்டார்களாம்" என்றாலே இனி நம்பிக்கையில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். வேறு சிலரோ, இயந்திரம் வந்துவிட்டது, இனி அது நோயைக் குணமாக்கிவிடும் என்று எண்ணுகிறார்கள். இரண்டும் சரியல்ல. அந்த இயந்திரம் நோயைக் குணமாக்குவதில்லை, அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் நுரையீரலை எவ்வளவு மென்மையாக நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

கருவி செய்வது என்ன?

தொடையிலோ கழுத்திலோ உள்ள பெரிய இரத்தக் குழாயில் தடித்த குழாய் ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன் வழியாகக் கருஞ்சிவப்பான இரத்தத்தை ஒரு பம்ப் வெளியே இழுத்து, செயற்கைச் சவ்வு உள்ள பெட்டிக்குள் அனுப்புகிறது. சவ்வின் ஒரு பக்கம் இரத்தம், மறுபக்கம் பிராணவாயு. அங்கே கரியமில வாயு நீங்கி, பிராணவாயு ஏறிய இரத்தம் உடலுக்குத் திரும்புகிறது. வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 4 அல்லது 5 லிட்டர் இரத்தம் இவ்விதம் சுற்றி வரும். நுரையீரல் மட்டும் பழுதுபட்டிருந்தால் இரத்தத்தைச் சிரையிலேயே திரும்ப விடுகிறார்கள். இருதயமும் தளர்ந்திருந்தால் தமனியில் விடுகிறார்கள்.

இதற்கு முன்னோடி, அறுவை சிகிச்சை அறையின் இருதய-நுரையீரல் இயந்திரம். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1953 மே 6ஆம் தேதி டாக்டர் ஜான் கிப்பன் அதைக் கொண்டு ஓர் இளம்பெண்ணின் இருதயத்தைத் திறந்து, வெற்றிகரமாகச் சீர்செய்தார். ஆனால் அதில் இரத்தமும் பிராணவாயுவும் நேரடியாகத் தொட்டபடியால், நேரம் செல்லச் செல்ல இரத்தம் கெட்டது. நடுவே சவ்வு வந்த பிறகே நாட்கணக்கில் ஓட்ட முடிந்தது. 1971இல் கலிபோர்னியாவில் விபத்தில் அடிபட்ட ஓர் இளைஞர் மூன்று நாள் இத்துணையில் இருந்து பிழைத்தார். 1975இல் அதே மாநிலத்தில், தாய் விட்டுச் சென்ற பச்சிளங்குழந்தை ஒன்றை டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் இவ்வாறு காப்பாற்றினார். செவிலியர்கள் அக்குழந்தைக்கு ஸ்பானிய மொழியில் "நம்பிக்கை" என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள்.

1979இல் கிடைத்த பாடம்

இதன்பின் பெரியவர்களிடம் முறைப்படி ஒரு சோதனை நடந்தது. 1979இல் வெளியான அதன் முடிவு பலரைச் சோர்வடையச் செய்தது. எக்மோ பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. இரத்தப்போக்கு ஒரு காரணம். மற்றொன்று பிற்பாடு தெளிவாயிற்று: இயந்திரம் உடலுக்குப் பிராணவாயு கொடுத்துக்கொண்டிருந்தபோதே, வென்டிலேட்டர் என்னும் செயற்கை சுவாசக் கருவி முன்போலவே புண்பட்ட நுரையீரலுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஓய்வு கொடுக்க வழி கிடைத்தும் ஓய்வு கொடுக்கப்படவில்லை.

இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் லூசியானோ கட்டினோனி வேறு வழியில் சென்றார். நோயுற்ற நுரையீரல் முழுவதும் ஒரே விதமாகக் கெடுவதில்லை. காற்று புகக்கூடிய பாகம் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் நுரையீரல் அளவே மிஞ்சியிருக்கும் என்று அவர் கண்டார். பெரியவருக்குரிய காற்றை அதற்குள் தள்ளினால், நன்றாயிருக்கும் பாகமும் கிழிந்துபோகுமல்லவா? ஆகவே நிமிடத்திற்கு நாலைந்து மூச்சுக்கு மேல் போகாமல் மெதுவாகக் கொடுத்து, கரியமில வாயுவை இயந்திரத்தால் நீக்கினார். 1986இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் 43 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் பிழைத்திருந்தார்கள்.

அமெரிக்காவில் எக்மோ இல்லாமல் 861 நோயாளிகளிடம் நடந்து, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும் இதையே உறுதி செய்தது. பெரிய மூச்சு கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 40 பேர் இறந்தனர். சிறு மூச்சு கொடுக்கப்பட்டவர்களில் 31 பேர்.

ஓய்வு என்றால் என்ன?

எலும்பு முறிந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்காமல் வைக்கிறோம். நுரையீரலுக்கும் அத்தகைய ஓய்வு தேவை. எக்மோவில் இருப்பவருக்கு வென்டிலேட்டரைப் பெரும்பாலும் நிமிடத்திற்கு 10 மூச்சு அளவுக்குக் குறைக்கிறார்கள். அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டாமலும், அதிகப் பிராணவாயுவே நுரையீரலைப் புண்படுத்தும் என்பதால் காற்றில் அதன் பங்கு 100க்கு 30 அல்லது 40க்கு மேற்படாமலும் பார்க்கிறார்கள்.

"அப்படியானால் அடியோடு நிறுத்திவிடலாமே?" என்று கேட்கலாம். முழுவதும் காற்றிறங்கிய பலூனை மறுபடி ஊதுவது எவ்வளவு கடினம்! நுரையீரலின் சிறு காற்றறைகளும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூச்சு வெளியேறிய பின்னும் 10 சென்டிமீட்டர் அளவில் சிறு அழுத்தத்தை உள்ளே நிறுத்தி, அவற்றைத் திறந்து வைக்கிறார்கள்.

வரக்கூடிய இடையூறுகள்

குழாய்களில் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் மருந்து கொடுக்கிறார்கள். அதனால் நுரையீரலுக்குள்ளேயே இரத்தம் கசியலாம். சளியை உறிஞ்சும் சிறு வேலையைக்கூட மெதுவாகச் செய்யவேண்டும். நுரையீரலில் ஓட்டை விழுந்து மார்புக்குள் காற்று சேரலாம். அதை வெளியேற்றக் குழாய் போட்டாலும் இரத்தப்போக்கு அபாயம் உண்டு. எனவே சிறிதளவாயிருந்தால் வென்டிலேட்டர் அழுத்தத்தை இன்னும் குறைத்துக் காத்திருப்பார்கள். நிமோனியா வராதபடி தலைமாட்டை உயர்த்துவதும், வாயைச் சுத்தம் செய்வதும் செவிலியரின் அன்றாடப் பணி.

தமனி வழியே இரத்தம் விடும்போது வேறு இரண்டு அபாயங்கள் உண்டு. தளர்ந்த இருதயம், எதிர்த்து வரும் இரத்த ஓட்டத்தை மீறித் தள்ள முடியாமல் வீங்கும்; இரத்தம் பின்வாங்கி நுரையீரலில் நீர் கோக்கும். அப்பொழுது இருதயத்தின் இடப்பக்கத்துச் சுமையை இறக்க வேறு வழி தேட வேண்டியிருக்கும். மற்றொன்று, இருதயம் தேறிவரும்போது நிகழ்வது. நுரையீரல் இன்னும் தேறாதிருந்தால், பிராணவாயு குறைந்த இரத்தத்தை அந்த இருதயமே மூளைக்கு அனுப்பும். தொடைவழி வரும் நல்ல இரத்தமோ கால்களை மட்டும் சிவக்க வைக்கும். இதைக் கண்டுபிடிக்கத்தான் வலது கையில் அளவு பார்க்கிறார்கள். இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் முதலில் சேரும் இடங்களில் ஒன்று அது.

குடும்பத்தார் அறிய வேண்டியது

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இங்கேதான். வென்டிலேட்டரைக் குறைத்துவிட்டார்கள் என்று கேட்டதும், "டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களோ?" என்று கலங்குகிறார்கள். முதல் சில நாட்களில் எக்ஸ்ரே படம் முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தால் இன்னும் பயப்படுகிறார்கள். அழுத்தம் குறைந்த நுரையீரல் அப்படித் தெரிவது உண்டு. இரத்தத்தில் பிராணவாயு 100க்கு 85 என்று காட்டினாலும் சில வேளைகளில் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். எண்ணை உயர்த்துவதற்காக அழுத்தத்தைக் கூட்டினால், ஆற வேண்டிய புண்ணை மறுபடி கிளறியதாகிவிடும்.

தேறுதலின் அடையாளம் வேறு. அதே அழுத்தத்தில் நாளுக்கு நாள் கூடுதலாகக் காற்று உள்ளே போகும். நுரையீரலுக்காக மட்டும் வைத்த எக்மோவானால், பிறகு இரத்தம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே சவ்வுக்குச் செல்லும் வாயுவை நிறுத்திப் பார்ப்பார்கள். சில மணி நேரம் நோயாளி தன் நுரையீரலைக் கொண்டே தாங்கினால் குழாய்களை எடுக்கலாம். இதற்கு நாட்களோ வாரங்களோ ஆகலாம்.

எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. 2018இல் வெளியான, 249 பேரைக் கொண்ட ஆய்வில், எக்மோ பெற்றவர்களில் 100க்கு 35 பேர் 60 நாட்களுக்குள் இறந்தனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 46 பேர். இந்த வித்தியாசம் எக்மோவால்தான் என்று உறுதியாய்ச் சொல்ல அந்த ஆய்வு போதவில்லை. நுரையீரல் தேறாது, மாற்று நுரையீரலுக்கும் வழியில்லை என்று தெரிந்தால், இயந்திரத்தை நிறுத்துவதைப் பற்றி மருத்துவர் பேசவே செய்வார். ஆகையால், எதற்காகக் காத்திருக்கிறோம், எந்த அடையாளத்தைப் பார்க்கிறோம், எப்பொழுது மறுபடி கூடிப் பேசுவோம் என்ற மூன்றையும் குடும்பத்தார் முதல் நாளிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உங்கள் சபையிலோ தெருவிலோ ஒரு குடும்பம் இவ்விதம் காத்திருந்தால், "இன்றைக்கு எண் எவ்வளவு?" என்று விசாரித்து அவர்களை மேலும் கலங்கச் செய்யாதிருங்கள். அவர்களோடு உட்காருங்கள். இரவில் ஒருவராவது வீட்டுக்குப் போய்த் தூங்கும்படி முறை வைத்து உதவுங்கள். நோயாளி விழித்திருப்பவராயிருந்தால், உள்ளே போகிறவர்கள் பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன கிழமை, வீட்டில் யார் யார் நலம் என்று மெதுவாகச் சொல்லட்டும்.