வேறுபட்ட உலோகத் தகடுகளைப் பற்றவைத்தல்

வேறுபட்ட உலோகத் தகடுகளைப் பற்றவைத்தல் என்பது அலுமினியம், செம்பு, எஃகு போன்ற வெவ்வேறு உலோகங்களாலான மெல்லிய தகடுகளை ஒன்றோடொன்று நிலையாக இணைக்கும் முறையாகும். இதன் தேவை லித்தியம் அயனி மின்கலங்களில் தெளிவாகத் தெரியும். அவற்றின் நேர்முனையில் அலுமினியத் தகடும் எதிர்முனையில் செப்புத் தகடும் உள்ளன. கலங்களைத் தொடராக இணைக்கும்போது ஒன்றின் அலுமினியமும் அடுத்ததன் செம்பும் ஓரிடத்தில் சேர்ந்தாக வேண்டும்.

அலுமினியம் 660 பாகை செல்சியசிலும், செம்பு 1085 பாகையிலும், இரும்பு 1538 பாகையிலும் உருகும். எனவே எஃகு இளகுவதற்கு முன்பே அலுமினியத் தகடு உருகி ஓட்டை விழுந்துவிடும். உருகுநிலை வேறுபாடே முதன்மைத் தடை என்று மாணவர்கள் எண்ணுவதுண்டு. அதைவிடப் பெரிய தடை வேறொன்று. உருகிய அலுமினியம் இரும்புடனோ செம்புடனோ கலந்தால் உலோகவிடைச் சேர்மங்கள் உண்டாகின்றன. இவை கடினமானவை, ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்கும் இயல்புடையவை. இப்படலம் சில மைக்ரோமீட்டர் அளவில் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் இணைப்பு எளிதில் உடையும். மின்கலத்தில் இன்னொரு கேடும் உண்டு: படலம் தடிக்கத் தடிக்க மின்தடை கூடும், மின்தடையால் வெப்பம் கூடும், வெப்பத்தால் படலம் மேலும் வளரும்.

ஆகவே உலோகத்தை உருக்காமலே இணைப்பது நல்லது. மீயொலிப் பற்றவைப்பு இவ்வகையைச் சார்ந்தது. தகடுகளை ஓர் அடைகல்லின் மேல் அடுக்கி, அதிர்முனையால் அழுத்தி, நொடிக்கு 20,000 முறை அளவில் அதிரச் செய்வர். நெகிழியைப் பற்றவைக்கும்போது அதிர்வு மேலும் கீழுமாக இருக்கும். உலோகத்தில் அது தகட்டின் பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் செல்லும். அசைவு ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவே. ஆயினும் அந்த உராய்வு பரப்பிலுள்ள ஆக்சைடு படலத்தை உடைத்து விலக்க, தூய உலோகமும் தூய உலோகமும் நேரடியாகத் தொட்டுப் பிணைகின்றன. பெரும்பாலும் ஒரு நொடிக்குள் வேலை முடிந்துவிடும். தடித்த தகடுகளுக்கு இம்முறை பொருந்தாது.

தடித்தவற்றுக்கு உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு உதவுகிறது. இது 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்சு அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்தில் உருவானது. ஓண்டா நிறுவனம் 2013 அக்கார்டு மகிழுந்தின் துணைச் சட்டகத்தில் எஃகையும் அலுமினியத்தையும் இம்முறையில் இணைத்தது.

எஃகையும் துருப்பிடிக்காத எஃகையும் இணைப்பது ஒப்பீட்டளவில் எளிது. இரண்டும் இரும்பை அடிப்படையாகக் கொண்டவை என்பதால் சாதாரணப் புள்ளிப் பற்றவைப்பே போதும்.

நன்கு பற்றவைத்த இணைப்பும் ஈரம் பட்டால் கெடும். அலுமினியமும் செம்பும் சேருமிடத்தில் உப்புநீர் தேங்கினால் அது ஒரு சிறிய மின்கலமாகவே செயல்பட்டு, அலுமினியத்தை அரித்துவிடும். அதனால் இத்தகைய இணைப்புகளின் மேல் நீர்புகாப் பூச்சு இடப்படுகிறது.