எந்தச் சுறாவுக்கு எந்த வெப்பநிலை?

கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் உள்ள அலங்கார மீன் கடைகளில் ‘சுறா’ என்ற பெயரில் சிறு மீன்கள் விற்கப்படுவதைக் காணலாம். முதுகுத் துடுப்பு நிமிர்ந்து நிற்கும் பாலா சுறாவும், கரிய உடலும் சிவந்த வாலும் கொண்ட செவ்வால் சுறாவும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. எனினும், இவை உண்மையான சுறாக்கள் அல்ல. கெண்டை மீன் வகையைச் சார்ந்த நன்னீர் மீன்கள். மலேசியக் கடற்பகுதியிலும் வாழும் மூங்கில் சுறாவே உண்மையான சுறா. இவ்வேறுபாட்டை அறிந்த பின்னரே, நீரின் வெப்பநிலையை முடிவுசெய்ய வேண்டும்.

பாலா சுறாவுக்கு 22 முதல் 28 பாகை செல்சியஸும் செவ்வால் சுறாவுக்கு 22 முதல் 26 பாகை செல்சியஸும் ஏற்றவை. மூங்கில் சுறாவை 24 முதல் 26 பாகை வரையிலான உப்புநீரில் வளர்ப்பது நன்று. குளிர்ந்த கடலில் வாழும் கொம்புச் சுறாவுக்கோ அதனினும் குறைந்த வெப்பநிலை தேவை.

மீன்கள் குளிர் இரத்தப் பிராணிகள். ஆதலால், நீர் சூடானால் அவற்றின் உடலும் சூடாகும். உடலியக்கம் விரைவுபட்டு உயிர்வளியின் தேவை மிகும். ஆனால், நீர் சூடாக ஆக அதில் கரைந்துள்ள உயிர்வளி குறைகிறது. ஒரு லிட்டர் நன்னீரில் 20 பாகையில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் சுமார் 7.5 மில்லிகிராம் மட்டுமே கரையும். தேவை கூடும் வேளையில் இருப்பு குறைவதால் மீன் நீரின் மேற்பரப்புக்கு வந்து திணறுகிறது.

குளிர்நாடுகளில் மீன் வளர்ப்போருக்கு வெப்பமூட்டி இன்றியமையாதது. கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலையோ வேறு. பகலில் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் இங்கு, நீரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே சவால். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடாயினும் கிள்ளான் தரை வீடாயினும், வெயில் விழும் சன்னலருகே தொட்டியை வைத்தல் கூடாது. தொட்டியில் வெப்பமானி ஒன்றைப் பொருத்தி, காலையிலும் பிற்பகலிலும் அளவைக் குறித்து வர வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால், நீர் ஆவியாகும்போது வெப்பம் சில பாகை குறையும். காற்றுக் குமிழிக் கருவி உயிர்வளி கரைய உதவும். பனிக்கட்டியைக் கொட்டித் திடீரெனக் குளிர்விப்பது மீனுக்கு அதிர்ச்சியைத் தரும். இரவில் மட்டும் குளிரூட்டி இயங்கும் அறையிலும் நீரின் வெப்பம் ஏறி இறங்கும் என்பதை மறக்கக்கூடாது.

உண்மைச் சுறாவை வளர்க்க விரும்புவோர் மேலும் சிந்திக்க வேண்டும். மூங்கில் சுறா ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை வளரும். அதற்குப் பெரிய உப்புநீர்த் தொட்டியும், நம் நாட்டு வெப்பத்தில் நாள் முழுவதும் இயங்கும் நீர் குளிரூட்டும் கருவியும் வேண்டும், மின்கட்டணமும் உயரும். இவ்வசதி இல்லாதோர், கோலாலம்பூர் மாநாட்டு மையத்திலுள்ள அக்குவேரியா கே.எல்.சி.சி.யில் சுறாக்களைக் கண்டு மகிழலாம்.

பாலா சுறாவும் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது என்பதால் சிறு தொட்டி அதற்குப் பொருந்தாது. ஆழமறியாமல் காலை விடக்கூடாது என்பர். மீனின் இயல்பையும் நம் வீட்டின் வெப்பநிலையையும் அறிந்து வாங்கினால், அவ்வுயிர் நம்மிடம் நலமாய் வாழும்.