தோப்புக் காவலுக்கு ஏர்கன்: ஸ்பிரிங்கை மாற்றினால் வேகம் கூடுமா?

மாங்காய் திரளத் தொடங்கிவிட்டால் வத்திராயிருப்பு வட்டாரத்தில் தோப்புக் காவல் இரவும் பகலும் ஓயாத வேலை. மேற்கே மலை. அதன் அடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் பாசனத்தில் நெல்லும் தென்னையும். மேட்டு நிலத்தில் மா. பகலில் கிளியும் மயிலும் வரும், இரவில் பன்றி வரும். மலையை ஒட்டிய தோப்பென்றால் யானையும் வரும்.

இதனால் சில வீடுகளில் கதவு மூலையில் ஒரு ஏர்கன் சாத்தியிருப்பதைக் காணலாம். அப்பா காலத்தில் வாங்கியதாக இருக்கும். "முன்னே மாதிரி இப்ப வேகம் இல்லை" என்பதே அதைப் பற்றிய பொதுவான குறை.

எனக்குத் தெரிந்த மாந்தோப்பு விவசாயி ஒருவர் அப்படிப்பட்ட துப்பாக்கியைப் பக்கத்து ஊர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனார். "அண்ணாச்சி, கெட்டி ஸ்பிரிங்காப் போட்டுட்டா இரட்டை வேகம் வரும்" என்றார் மெக்கானிக். ஸ்பிரிங் மாறியது. மடக்குவதற்கு இரண்டு ஆள் பலம் வேண்டியதாயிற்று. அடிக்கும்போது கட்டை தோளில் உதைத்தது. குறி சிதறியது. ஒரு மாதத்தில் உள்ளே இருந்த தோல் வாசர் கிழிந்தது. கையில் இருந்த பணமும் போய், காய் சேதமும் குறையவில்லை.

அவர் செய்த தவறு எது? வேகம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படி அளப்பது, எவ்வளவு வேகத்தைச் சட்டம் அனுமதிக்கிறது, அந்த வேகத்தால் தோப்புக்குப் பயன் உண்டா என்ற நான்கு விஷயங்களையும் கேட்காமல் செலவு செய்ததுதான்.

உள்ளே நடப்பது என்ன?

சைக்கிள் பம்பைத் தெரியாத விவசாயி இல்லை. ஏர்கனும் ஒரு பம்புதான். குழலை மடக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. சிலிண்டரில் உள்ள காற்று நெருக்குண்டு, ஒரு சிறு துவாரம் வழியாகக் குழலுக்குள் பாய்ந்து ஈயக் குண்டைத் தள்ளுகிறது. எல்லாம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும்.

ஆகவே குண்டைத் தள்ளுவது ஸ்பிரிங் அல்ல, காற்றுதான். சிலிண்டரின் கொள்ளளவு மாறாதபோது ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் பிஸ்டன் வேகமாக வந்து காற்று மெத்தையில் மோதிப் பின்னுக்குத் துள்ளும். கூட்டிய பலத்தில் பெரும் பகுதி குலுக்கலாகவும் உதையாகவும் வீணாகிறது. அந்தக் குலுக்கல் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே தொடங்கிவிடுவதால் குறியும் கெடுகிறது. அந்த விவசாயியின் துப்பாக்கியில் நடந்தது இதுவே.

வேகம் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை

1. தோல் வாசர்: அடிபம்பில் வாசர் காய்ந்தால் தண்ணீர் ஏறாது. அதேபோல் பிஸ்டன் முனையில் உள்ள தோல் வாசர் காய்ந்து சுருங்கினால் காற்று ஓரமாகக் கசிந்துவிடும். தோலுக்கு ஏற்ற எண்ணெய் சில சொட்டுகள் விட்டு ஓர் இரவு நிறுத்தி வைத்தால் பல சமயங்களில் உயிர் வந்துவிடும். கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வாசர் உள்ள புதிய வகைகளுக்கு சிலிக்கோன் எண்ணெயே ஏற்றது.

2. குழல் மடங்கும் இடம்: குழலின் அடிவாயில் ஒரு சிறு தோல் அல்லது ரப்பர் வளையம் இருக்கும். பஞ்சுத் துணுக்கு ஒன்றை அந்தப் பொருத்தின்மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். பஞ்சு பறந்தால் அங்கே காற்றுக் கசிவு இருக்கிறது. இந்த வளையத்தை மாற்ற அதிகச் செலவு ஆகாது.

3. குண்டு: குண்டின் பின்பகுதி பாவாடைபோல் விரிந்து இருக்கும். காற்று அதைக் குழலோடு அழுத்தித்தான் தள்ளுகிறது. டப்பாவில் நசுங்கிய குண்டைப் போட்டால் காற்று ஓரமாக ஓடிவிடும். 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று நூலளவு வேறுபாட்டில் குண்டுகள் கிடைக்கின்றன. உங்கள் குழலுக்கு எது சரியாகப் பொருந்துகிறது என்று பார்த்து அதையே வாங்குங்கள்.

4. ஸ்பிரிங்: மடக்கிய நிலையில் மணிக்கணக்கில் வைத்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். காவலுக்குப் போகும்போது மடக்கி வைத்துவிட்டு விடியும்வரை அப்படியே விடுவது கூடாது. ஸ்பிரிங் வளைந்தோ ஒடிந்தோ இருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போடுவதே முறை. பிரிக்கும்போது ஸ்பிரிங் பாய்ந்து முகத்தில் அடிக்கக்கூடும். பிடிகருவி இல்லாமல் வீட்டில் பிரிக்க வேண்டாம்.

டீசல், மண்ணெண்ணெய், இஞ்சின் ஆயில் இவற்றைச் சிலிண்டரில் விடுவோர் உண்டு. காற்றை வேகமாக நெருக்கினால் சூடேறும். டீசல் இஞ்சின் ஓடுவது இப்படித்தான். ஏர்கனுக்குள்ளும் அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும். சத்தம் பலமாக இருப்பதால் வேகம் கூடியதாகத் தோன்றும். ஆனால் வாசரும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் பாழாகும். குண்டு போடாமல் வெறுமனே சுடுவதும் கேடு. பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இராது.

வேகத்தை அளக்கும் எளிய முறை

குண்டின் வேகத்தை அளக்க மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அது இல்லாமலும் அளக்கலாம். 1742ஆம் ஆண்டில் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதற்கு வழி சொன்னார். தொங்கும் மரக்கட்டையில் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணக்கிட்டார். இவர் பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக நம் நாட்டுக்கு வந்து, 1751இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானவர்.

அவருடைய முறையைத் தோப்பிலேயே செய்து பார்க்கலாம். சுமார் 10 செ.மீ. நீளமுள்ள ஒரு தகர டப்பாவில் ஈரக் களிமண்ணை நிரப்புங்கள். டப்பாவும் மண்ணும் சேர்ந்த எடை, ஒரு குண்டின் எடையைப் போல் ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும். அரை கிராம் குண்டுக்கு அரை கிலோ. குண்டின் எடை அதன் டப்பாவில் அச்சிட்டிருக்கும். மண் காய்ந்தால் எடை குறையும் என்பதால் அன்றன்றே நிறுக்க வேண்டும்.

டப்பாவைப் படுக்கை வாட்டில், திறந்த வாய் உங்களைப் பார்க்கும்படி, முன்னும் பின்னும் இரண்டிரண்டு கயிறாக நான்கு கயிற்றில் தொங்கவிடுங்கள். மேலிருந்து டப்பாவின் நடுப்பகுதிவரை செங்குத்தாக 2 மீட்டர் இருக்கட்டும். டப்பாவுக்குப் பின்னால் ஒரு பலகைமீது காலித் தீப்பெட்டி ஒன்றைத் தொட்டாற்போல் வையுங்கள். அதற்கும் பின்னால் மண் மூட்டையோ மண் சுவரோ கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று மண்ணின் நடுவில் சுடுங்கள். துப்பாக்கிக் காற்று டப்பாவைத் தள்ளாதபடி இடையில் துளையிட்ட அட்டை ஒன்றை நிறுத்துங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

தீப்பெட்டி தள்ளப்பட்ட தூரத்தை அளந்து பாருங்கள். ஒவ்வொரு செ.மீட்டருக்கும் விநாடிக்கு சுமார் 22 மீட்டர் வேகம் என்று கணக்கு. 8 செ.மீ. நகர்ந்தால் விநாடிக்கு சுமார் 177 மீட்டர், 9 செ.மீ. என்றால் சுமார் 200 மீட்டர். ஐந்து முறை சுட்டுச் சராசரி எடுப்பது நலம். ஒவ்வொரு முறைக்கும் இடையே வித்தியாசம் அதிகமிருந்தால் கசிவோ, குண்டுப் பொருத்தக் குறைவோ இருக்கிறது என்று அறியலாம்.

நம் விவசாயியும் இப்படிச் செய்து பார்த்தார். புது வாசர் போட்டு, கெட்டி ஸ்பிரிங்கிலும் பழைய ஸ்பிரிங்கிலும் மாற்றி மாற்றிச் சுட்டார். தீப்பெட்டி நகர்ந்த தூரத்தில் அரை விரற்கடை வித்தியாசம்தான். பழைய ஸ்பிரிங்கில் குறி ஒரே இடத்தில் விழுந்தது. கெட்டி ஸ்பிரிங்கைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்.

இந்த வகைத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தாலும் குறி தவறும். முன்கையில் தளர்வாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும்.

சட்டத்தின் வரம்பு

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மி.மீட்டருக்கு மேற்பட்டாலோ, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்கு மேற்பட்டாலோ ஏர்கனுக்கு லைசென்ஸ் தேவை. அரை கிராம் குண்டு விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி 10 ஜூல். வேகம் 283 மீட்டரை எட்டினால் 20 ஜூல். நமது அளவையில் அது 12.8 செ.மீ. வேகம் பத்துப் பங்கில் ஒரு பங்கு கூடினால் சக்தி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அளக்காமல் பலத்தைக் கூட்டுகிறவர், தாம் அறியாமலே லைசென்ஸ் இல்லாத ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிவிடலாம்.

இதைவிடப் பெரிய விஷயம் வனவிலங்குச் சட்டம். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் அல்ல, காயப்படுத்துவதும் வேட்டையே. துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது விலங்கைச் சுட அனுமதி ஆகாது. மயிலும், நம் மலையின் சாம்பல் நிற மலை அணிலும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றைச் சுட்டால் 3 முதல் 7 ஆண்டுவரை சிறை, அபராதம் ரூ. 25,000க்குக் குறையாது. கிளியும் பாதுகாக்கப்பட்ட பறவையே. இந்த மலை அணிலுக்காக 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம் அமைந்தது. 2021இல் மேகமலையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. "ஒரு குண்டுதானே" என்பவர் ஒரு தோப்பின் வருமானத்தையே வழக்குக்குச் செலவிட நேரும்.

பன்றிக்கும் ஏர்கன் பயன்படாது. 10 ஜூல் குண்டு அதன் தோலில் புண்ணை மட்டும் உண்டாக்கும். புண்பட்ட பன்றி ஆளை நோக்கிப் பாயும். 2025 ஜனவரியில் தமிழக அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம்; அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

அருணாசலப் பிரதேசத்தில் 2021 முதல் மக்கள் தாமாக முன்வந்து ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்து வருகின்றனர். பறவை இல்லாத காடு பின்னர் தங்களுக்கே நட்டம் என்று உணர்ந்ததே காரணம்.

வீட்டில் ஏர்கன் இருந்தால்

விநாடிக்கு 100 மீட்டர் வேகமே மனிதத் தோலைத் துளைக்கப் போதுமானது. கண்ணுக்கு அதைவிடக் குறைந்த வேகமே போதும். குறி தவறிய குண்டு 200 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். பக்கத்துத் தோப்பில் களை எடுக்கும் பெண்களும், மாடு மேய்க்கும் பிள்ளைகளும் அந்தத் தூரத்துக்குள் இருப்பார்கள். குண்டு போடும்போது குழலை ஒரு கையால் விடாமல் பிடித்திருங்கள். விசை நழுவினால் விரல் நசுங்கிவிடும். குண்டுகளை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். ஈயம் நஞ்சு. கையைக் கழுவாமல் சாப்பிடக் கூடாது. குண்டுகள் தீவனத்தில் சேர்ந்தால் மாட்டுக்கும் ஆபத்து. துப்பாக்கியும் குண்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி தனித்தனியே பூட்டி இருக்கட்டும்.

பிள்ளைக்குக் குறி பார்ப்பதில் ஆர்வம் இருந்தால் அதைத் தடுக்க வேண்டியதில்லை. அட்டையில் வட்டம் வரைந்து, மண் மேட்டின் முன் வைத்து, பெரியவர் பக்கத்தில் நின்று பழக்கலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் 1984 முதல் ஒலிம்பிக் பந்தயம். 2008இல் நம் நாட்டின் அபினவ் பிந்த்ரா அதில் தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பையில் தங்கம் வென்றார்.

காயைக் காக்க வழி

ஸ்பிரிங்குக்கு ஆகும் பணத்தைக் கீழ்க்கண்டவற்றில் செலவிடுவது மேல்.

தாழ்ந்த மா மரங்களுக்கு வலை போடலாம். தரமான காய்களுக்குக் காகித உறை கட்டலாம். முற்றிய காயை மரத்தில் பழுக்க விடாமல் காம்போடு பறித்துவிடுங்கள்.

மயில், கிளி வரும் வயலில் மிளிரும் நாடாவை இரண்டு மூன்று முறுக்கு கொடுத்துக் கட்டினால் காற்றில் ஒலித்து மின்னும். பறவைகள் எதற்கும் பழகிவிடும் என்பதால் சில நாட்களுக்கு ஒரு முறை இடத்தை மாற்ற வேண்டும்.

தென்னையில் எலி ஏறாதிருக்க, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றிக் கட்டலாம். மட்டைகள் பக்கத்து மரத்தைத் தொடாதிருந்தால்தான் பலன் உண்டு.

பன்றியோ யானையோ சேதம் செய்தால் அன்றே புகைப்படம் எடுத்து, சர்வே எண்ணுடன் கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வையுங்கள். சேதம் காய்ந்து மறைந்தபின் போனால் மதிப்பிட எதுவும் இராது.

நம் விவசாயி இந்த ஆண்டு பத்து மரத்துக்கு வலை போட்டிருக்கிறார். ஏர்கன் எண்ணெய் விட்டுத் துடைத்துப் பெட்டிக்குள் பூட்டி இருக்கிறது.