உங்களுக்குத் தெரியுமா? – இண்டி ராக்: காசு கம்மி, கெத்து ஜாஸ்தி!

● கைலி மினோக்கின் 'ஐ ஷுட் பி ஸோ லக்கி' 1988-ல் பிரிட்டனின் இண்டி (இண்டிபெண்டண்ட்) பட்டியலில் முதலிடம் பிடித்தது. பளபளக்கும் டான்ஸ் பாட்டுக்கு அங்கே என்ன வேலை? 1980 ஜனவரியில் தொடங்கிய அந்தப் பட்டியல் பார்த்தது ஒன்றைத்தான்: பெரிய கம்பெனிகளின் கை படாமல் தனி விநியோகஸ்தர் வழியாக இசைத்தட்டு கடைக்குப் போகிறதா? பாட்டு எந்த ரகம் என்று யாரும் கேட்கவில்லை. கிடாரும் கலைந்த தலையும் இண்டியின் அடையாளமானது வேறு கதை.

● மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டைத் தானே வெளியிட்டது. நாலே பாட்டு. முதலில் அடித்தது 1,000 பிரதி. உறையைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக், மேலே எதையாவது சேர்த்துப் பதிந்தார்களா என்று அச்சிட்டிருக்கும். இதில் வித்தை ஒன்றுமில்லை, நீயும் செய்யலாம் என்று சொல்லாமல் சொன்ன உறை அது.

● எம்டிவிக்கு வீடியோ கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கவோ மனசில்லை. தி ரிப்ளேஸ்மெண்ட்ஸ் குழு என்ன செய்தது தெரியுமா? 1985-ல் வந்த 'டிம்' ஆல்பத்தின் 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்' பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கரைப் படம் பிடித்துக் கொடுத்துவிட்டது! கறுப்பு-வெள்ளை. டிரம் அடிக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரின் வயிறு துடிக்கிறது. கேமரா மெல்லப் பின்வாங்குகிறது. ஒருவர் வந்து உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார். முகம் தெரியாது. பாட்டு முடியும்போது எழுந்து ஸ்பீக்கரை ஓங்கி உதைத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். கோடி ரூபாய் செட் போட்ட எத்தனையோ வீடியோ மறந்துபோயிற்று, இது மறக்கவில்லை. முதலில் இதைப் பாருங்கள். (இந்தத் தட்டு வந்தது பெரிய கம்பெனி வழியாக. இருந்தால் என்ன, குணம் மாறவில்லையே!)

● எட்டு ட்ரெட்மில், நாலு பேர், ஒரே ஷாட். ஓகே கோ குழுவின் 'ஹியர் இட் கோஸ் அகெய்ன்' (2006) வீடியோவை இயக்கியதில் பெரும்பங்கு பாடகரின் அக்கா ட்ரிஷ் சீக்கு. 2007-ல் கிராமி விருதும் கிடைத்தது. வேடிக்கை அதற்குப் பிறகுதான். யூடியூபில் பார்த்து, ஊரெல்லாம் பகிர்ந்து பிரபலமான குழு இது. அதன் வீடியோக்களை வேறு தளங்களில் ஒட்டக் கூடாது என்று கம்பெனி தடை போட்டது! 2010-ல் குழு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்து சொந்த லேபிள் தொடங்கியது.

● 'பெட்டர் கால் சால்' வக்கீல் பாப் ஓடன்கர்க்கை இண்டி வீடியோவில் பார்த்திருக்கிறீர்களா? யோ லா டெங்கோ குழுவின் 'ஷுகர்க்யூப்' (1997). உங்கள் வீடியோ சப்பென்று இருக்கிறது என்று கடுப்பான கம்பெனி அதிகாரி, சாதுவான மூவரையும் 'ராக் ஸ்டார் ஆவது எப்படி' என்று படிக்கப் பள்ளிக்கு அனுப்புகிறார். வாத்தியார்களில் ஒருவர் ஓடன்கர்க். சிரிப்புக்கு நான் கேரண்டி.

● பேவ்மெண்ட் குழு ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கி, 1999-ல் ஒரு சிங்கிளின் பின்னால் ஒட்டிவிட்ட பாட்டு 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்'. அதே ஆண்டில் குழுவும் கலைந்தது. பல வருஷம் கழித்து ஸ்பாட்டிஃபை அதைத் தானாகவே எல்லோர் காதிலும் போட்டுவிட, அவர்களுடைய பாட்டுகளிலேயே அதிகம் கேட்கப்பட்டது அதுதான் என்றாகிவிட்டது. 2022-ல் புதிதாக வீடியோ எடுக்கும்படி ஆயிற்று!

● புதுசாக வேண்டுமா? பிரிட்டனின் வைட் தீவிலிருந்து வந்த வெட் லெக் குழுவின் 'ஷேஸ் லாங்' (2021). வெள்ளைக் கவுன், வைக்கோல் தொப்பி, உணர்ச்சியே காட்டாத முகம். முதல் ஆல்பத்துக்கே 2023-ல் கிராமி.

● ஈழத்து வேர் கொண்ட பாடகி எம்.ஐ.ஏ.வின் 'காலா' (2007) ஆல்பத்தில் முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'. தொடக்கத்திலேயே மாடர்ன் லவ்வர்ஸ் குழுவின் 'ரோட்ரன்னர்' எட்டிப் பார்க்கிறது. கூடவே 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு'ம்! ஆம், நம்ம இளையராஜாவேதான். முதலில் 'ரோட்ரன்னர்', அடுத்து 'காட்டுக்குயிலு', கடைசியில் 'பாம்பூ பாங்கா' என்ற வரிசையில் கேளுங்கள். எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று காதே கண்டுபிடித்துவிடும்.