மாத்திரை இழுப்பைத் தடுக்குமா?

தாய்க்கு இழுப்பு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். இழுப்பு என்பது ஆஸ்துமா. கர்ப்பிணி வைட்டமின் டி மாத்திரை சாப்பிட்டால் அதைத் தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு அதிக அளவு கொடுத்தார்கள். மற்றவர்களுக்குக் குறைந்த அளவு. அதிகம் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு 3 வயதில் இழுப்பு சற்றுக் குறைவாகத் தெரிந்தது. 6 வயதில் வித்தியாசமே இல்லை. இது 2020-இல் வெளியான முடிவு.

இந்தியாவில் அரசு தரும் இரும்புச்சத்து மாத்திரை வேறு. அது இரத்த சோகைக்கு. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று, 180 நாள் சாப்பிட வேண்டும்.

பிள்ளையின் மூச்சைக் கெடுப்பது புகை. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பீடி பிடிக்கக் கூடாது. இது ஆண்களுக்கான செய்தி.

இழுப்பு உள்ள கர்ப்பிணி பயந்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. தாய்க்கு மூச்சுத் திணறினால் வயிற்றுப் பிள்ளைக்கும் பிராணவாயு குறையும்.