உயரத்தில் மூச்சு: விமான ஆக்சிஜன் கருவிகள் எப்படிப் பராமரிக்கப்படுகின்றன?

பயணிகள் விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழக் கால் பங்குதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் அங்கும் 21 சதவீதமே. ஆனால் அழுத்தம் குறைந்துவிட்டதால் அது நுரையீரலிலிருந்து இரத்தத்தில் போதிய அளவு கலப்பதில்லை. இதற்காகவே விமானத்துக்குள் காற்று அழுத்தி நிரப்பப்படுகிறது. உள்ளே இருப்பவர்கள் 8,000 அடிக்கு மேற்படாத மலையில் இருப்பதுபோல் மூச்சு விடுகிறார்கள். அந்த அழுத்தம் திடீரென வெளியேறிவிட்டால், 35,000 அடியில் ஒருவர் தெளிவாகச் சிந்தித்துச் செயல்பட 30 முதல் 60 நொடிகள் மட்டுமே கிடைக்கும். ஆக்சிஜன் அமைப்பு அந்த நொடிகளுக்காக வைக்கப்பட்டது.

எஞ்சினும் சக்கரமும் ஒவ்வொரு பயணத்திலும் இயங்குகின்றன. கோளாறு வந்தால் அன்றே தெரிந்துவிடும். பயணிகளின் ஆக்சிஜன் முகமூடியோ பல ஆண்டுகள் தொடப்படாமலே தலைக்கு மேல் கிடக்கும். விமானிகள் புறப்படும் முன் தங்கள் முகமூடியைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றாலும், 35,000 அடியில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தரையில் நின்று அறிய முடியாது. ஆகவே இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை பணிமனையில் நடக்கும் சோதனைதான் உண்மையான சோதனை.

அமைப்பின் உறுப்புகள்

விமானி அறைக்கு ஆக்சிஜன் பொதுவாகச் சிலிண்டரிலிருந்து வருகிறது. சிலிண்டர், அதன் வால்வு, உயர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், குழாய்கள், ஒரே கையால் ஐந்து நொடிக்குள் அணியத்தக்க முகமூடி ஆகியவை அதன் உறுப்புகள். பயணிகளுக்குச் சில விமானங்களில் சிலிண்டரிலிருந்தும், பல விமானங்களில் இருக்கைக்கு மேலுள்ள வேதி ஆக்சிஜன் கலன்களிலிருந்தும் வாயு கிடைக்கிறது. பணிப்பெண்களும் பணியாளர்களும் தூக்கிச் செல்லச் சிறிய சிலிண்டர்களும், புகையில் பணியாற்ற மூச்சுக் கவசங்களும் தனியே உண்டு.

பணிமனைக்கு வரும் ஒவ்வோர் உறுப்பும் முதலில் அடையாளம் காணப்படுகிறது. பாக எண், வரிசை எண், கடைசியாகச் சோதித்த தேதி, ஆயுள் வரம்பு ஆகியவை பதிவேட்டோடு ஒப்பிடப்படும். அதன் பிறகு செய்ய வேண்டிய ஒவ்வொன்றையும் தயாரிப்பாளரின் பராமரிப்புக் கையேடு வரிசையாகச் சொல்கிறது. கையேட்டில் இல்லாத பாகத்தையோ முறையையோ தொழில்நுட்பர் தன் விருப்பப்படி கையாள அனுமதி கிடையாது.

சிலிண்டர்

விமானத்தில் பொருத்தப்படும் ஆக்சிஜன் சிலிண்டர் வழக்கமாக 1,850 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அதாவது சதுர அங்குலத்துக்கு 1,850 பவுண்டு அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல இது 50 மடங்குக்கும் மேல். நிரப்புவதும் காலியாவதுமாகத் தொடரும்போது உலோகம் களைப்படைகிறது. உள்ளே ஈரம் புகுந்தால் துருவும் சேர்ந்துகொள்கிறது.

இதைக் கண்டறியும் முறை நீரழுத்தச் சோதனை. சிலிண்டரை நீரால் நிரப்பி, நீர் சூழ்ந்த ஒரு கலனுக்குள் வைத்து, வேலை அழுத்தத்தைப்போல மூன்றில் ஐந்து மடங்கு, அதாவது சுமார் 3,080 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தை ஏற்றுகிறார்கள். சிலிண்டர் விரியும்போது சுற்றியுள்ள நீர் வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்ட நீரின் அளவே விரிவின் அளவு. அழுத்தத்தை இறக்கியதும் சிலிண்டர் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் நிலைத்துவிட்ட விரிவு மொத்த விரிவில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்தச் சிலிண்டர் கழிக்கப்படும். வாயுவுக்குப் பதில் நீரைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. அழுத்தினாலும் நீர் ஏறக்குறையச் சுருங்காது. அதில் சேமிக்கப்படும் ஆற்றல் மிகக் குறைவு. சோதனையில் சிலிண்டர் பிளந்தாலும் அது குண்டாக மாறாது.

அமெரிக்கத் தரநிலையில் 3ஏஏ வகை எஃகுச் சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை தேவை. எடை குறைந்த 3எச்டி வகைக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை. மேலும் 24 ஆண்டுகள் அல்லது 4,380 முறை நிரப்புதல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அத்துடன் அதன் ஆயுள் முடிகிறது.

சோதனைக்குப் பின் சிலிண்டரைச் சொட்டு ஈரமும் இல்லாமல் உலர்த்துவது அடுத்த வேலை. உயரத்தின் குளிரில் அந்த ஈரம் ரெகுலேட்டரின் நுண்துளையில் பனியாக உறைந்து வாயுவின் வழியை அடைத்துவிடும். விமானங்களுக்கென்று தனியே உலர்ந்த ஆக்சிஜன் தயாரிக்கப்படுவதும், பயன்படுத்திய சிலிண்டரில் சிறிது அழுத்தத்தை எப்போதும் மிச்சம் வைப்பதும் இதனால்தான்.

2008 ஜூலை 25 அன்று ஹாங்காங்கிலிருந்து மெல்போர்னுக்குச் சென்ற குவான்டாஸ் போயிங் 747 விமானத்தின் சரக்கு அறையில், 29,000 அடி உயரத்தில் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் வெடித்தது. விமானத்தின் உடற்பகுதியில் பெரிய துளை விழுந்தது. மணிலாவில் விமானம் பத்திரமாக இறங்கியது. உள்ளே இருந்த அனைவரும் உயிர் தப்பினர். சிலிண்டர் வெளியேறிக் காணாமல் போனதால், அது ஏன் வெடித்தது என்பதை விசாரணையாளர்களால் உறுதிசெய்ய முடியவில்லை.

ரெகுலேட்டரும் தூய்மையும்

விமானியின் ரெகுலேட்டர் மூச்சை இழுக்கும்போது மட்டுமே ஆக்சிஜனைத் தருகிறது. இழுப்பின் மெல்லிய உறிஞ்சல் ரப்பர் சவ்வை அசைக்க, சவ்வு வால்வைத் திறக்கிறது. உள்ளே காற்று நீக்கி மூடப்பட்ட உலோகச் சிமிழ் ஒன்று உண்டு. உயரம் கூடக்கூட அது விரிந்து, அறைக் காற்று கலக்கும் வழியைச் சிறிது சிறிதாக அடைக்கிறது; போதிய உயரத்தில் தூய ஆக்சிஜன் மட்டுமே முகமூடிக்கு வருகிறது.

பழுதுபார்க்கும்போது ரெகுலேட்டர் முழுவதும் பிரிக்கப்படுகிறது. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம், சவ்வு, வடிகட்டி முதலியவை நல்ல நிலையில் தோன்றினாலும் கையேட்டின்படி புதிதாக மாற்றப்படுகின்றன. ரப்பர் உபயோகிக்காவிட்டாலும் வயதாகும். உலோகப் பாகங்கள் கழுவப்படுகின்றன. இந்தக் கழுவுதல்தான் முழு வேலையின் உயிர்நாடி. அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் எண்ணெயும் கிரீசும் எளிதில் பற்றிக்கொள்ளும், அலுமினியம்கூட எரியும். வால்வைச் சட்டென்று திறந்தால், பாய்ந்து வரும் வாயு குழாயின் முனையில் நெருக்குண்டு சூடேறும். அங்கே விரல் ரேகையளவு எண்ணெய் இருந்தாலும் தீ மூள அது போதும். எண்ணெய்க் கை பட்டுச் சீராக்கப்பட்ட ரெகுலேட்டர், பழுதான ரெகுலேட்டரைவிட ஆபத்தானது.

ஒரு காலத்தில் குளோரோஃப்ளோரோகார்பன் எனும் சிஎஃப்சி கரைப்பான்களால் பாகங்கள் கழுவப்பட்டன. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவான பிறகு, காரக் கழுவுநீரும் மீயொலித் தொட்டிகளும் அவற்றின் இடத்துக்கு வந்தன. கழுவிய பாகத்தைப் புற ஊதா ஒளியில் பார்த்தால் பல எண்ணெய்கள் ஒளிரும். ஒளிராத எண்ணெய்களும் இருப்பதால், நீர் ஊற்றியும் பார்ப்பதுண்டு: சுத்தமான பரப்பில் நீர் ஒரே படலமாகப் பரவும், எண்ணெய் உள்ள இடத்தில் துளிகளாகப் பிரியும். மசகு தேவைப்படும் இடங்களில் எரியாத ஃப்ளோரின் சேர்ந்த கிரீஸ் மட்டுமே அனுமதிக்கப்படுகிறது.

கோர்த்து முடித்த ரெகுலேட்டர் காற்றை உறிஞ்சி எடுக்கும் கலனுக்குள் வைக்கப்பட்டு, வெவ்வேறு உயரங்களின் அழுத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் தருகிறது, எங்காவது கசிகிறதா என்று அளக்கப்படுகிறது.

குழாய்களும் முகமூடிகளும்

முகமூடியில் விரிசல், பட்டையின் தளர்ச்சி, மைக்ரோபோன் இணைப்பு, குழாயின் இறுக்கம் எல்லாம் பார்க்கப்படுகின்றன. குழாய் சாதாரண உறுப்பாகத் தோன்றலாம். ஆனால் 2011 ஜூலை 29 அன்று கெய்ரோவில் நின்றிருந்த எகிப்துஏர் போயிங் 777 விமானத்தின் விமானி அறை தீயில் கருகியது, உயிரிழப்பு இல்லை. மின்கோளாறால் ஆக்சிஜன் குழாய் சூடாகியிருக்கலாம் என்பது விசாரணை சுட்டிய சாத்தியங்களுள் ஒன்று. அந்தக் குழாய் மடங்காதிருக்க உள்ளே உலோகச் சுருள் இருந்தது. அது மின்சாரத்தைக் கடத்தும். மின்சாரம் கடத்தாத குழாய்களைப் பொருத்த அமெரிக்க விமான நிர்வாகம் உத்தரவிட்டது.

பழுதுபார்க்க முடியாத கலன்

வேதி ஆக்சிஜன் கலனுக்குள் சோடியம் குளோரேட் கட்டி இருக்கும். அறையின் அழுத்தம் சுமார் 14,000 அடி உயரத்துக்குரிய அளவுக்குக் குறைந்ததும் முகமூடிகள் விழும். முகமூடியை இழுத்தால் ஊசி விடுபட்டு, சுத்தி தட்டி, கட்டி சூடாகிச் சிதையும். உப்பு மிஞ்ச, ஆக்சிஜன் வெளிவரும். விமானம் 10,000 அடிக்கு இறங்க இது போதும். சுமார் 12 முதல் 22 நிமிடங்கள் வரை நீடிக்கும். அப்போது கலனின் மேற்பரப்பு 250 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும்.

ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாத இந்தக் கலனைப் பிரித்துப் பழுதுபார்க்க வழியில்லை. காலாவதியானதும் சுத்தியின் மேல் பாதுகாப்பு மூடி பொருத்தி, கழற்றி, பாதுகாப்பான இடத்தில் இயக்கித் தீர்க்க வேண்டும். 1996 மே 11 அன்று, மூடி பொருத்தப்படாத காலாவதிக் கலன்கள் 'காலி' என்ற குறிப்புடன் வேல்யூஜெட் 592 விமானத்தின் சரக்கு அறையில் ஏற்றப்பட்டன. வழியில் அவை இயங்கித் தீ மூண்டு, விமானம் மயாமி அருகே சதுப்பு நிலத்தில் விழுந்தது. 110 பேரும் இறந்தனர். பயணிகள் விமானச் சரக்கில் இத்தகைய கலன்களை ஏற்றுவதற்கு அதன்பின் தடை வந்தது.

சான்றும் பொருத்துதலும்

சோதனைகளில் தேறிய உறுப்பின் துளைகள் சுத்தமான மூடிகளால் அடைக்கப்பட்டபின், அது எண்ணெய் படாத பையில் இடப்படுகிறது. இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பணிமனை, செய்த வேலையையும் பயன்படுத்திய கையேட்டின் பதிப்பையும் குறிப்பிட்டு, பொறுப்பேற்றுக் கையொப்பமிட்ட சான்றிதழைத் தருகிறது. அது இல்லாத உறுப்பை விமானத்தில் பொருத்த முடியாது. பொருத்தும் தொழில்நுட்பர் கையையும் கருவிகளையும் சுத்தமாக்கி, இணைப்புகளை இறுக்கி, வால்வை மெல்லத் திறந்து, ஆக்சிஜனுக்கு ஏற்ற சோப்புக் கரைசலால் கசிவைப் பார்த்து, அழுத்தமானியின் அளவைப் பதிவேட்டில் எழுதிய பிறகே அந்த உறுப்பு பணிக்குத் திரும்புகிறது.