உயிரச்சம் தரும் நோயுற்ற குழந்தைகளின் குடும்பங்களும் தமிழாசிரியரும்: துணைநிற்றலின் மொழி

முன்னுரை

ஒரு குழந்தைக்கு உயிரச்சம் தரும் நோய் கண்டால், நோயின் சுமை அக்குழந்தையோடு நின்றுவிடுவதில்லை. தாய் மருத்துவமனையிலேயே தங்க நேர்கிறது. தந்தை வேலைக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலைகிறார். ஏனைய பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ அத்தை வீட்டிலோ விடப்படுகின்றனர். எனவே சிகிச்சை குழந்தைக்கு உரியது எனினும், துணை குடும்பம் முழுமைக்கும் தேவைப்படுகிறது.

இக்கட்டுரை மலேசியச் சூழலை மனத்திற்கொண்டு, இத்தகைய குடும்பத்திற்குத் துணைநிற்றல் யாது என்பதையும், அதில் தமிழாசிரியர்க்கு உரிய இடம் எது என்பதையும் விளக்க முற்படுகிறது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணி முடிகிறது. அந்நான்காம் உறுப்பே நம் ஆய்வுப்பொருள்.

நோயின் வகையும் பராமரிப்பின் பொருளும்

உயிரச்சம் தரும் நோய்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. 1997இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட வழிகாட்டி அவற்றை நான்காகப் பகுத்தது. குணப்படுத்தும் சிகிச்சை உண்டு எனினும் அது தோல்வியுறவும் கூடிய புற்றுநோய் போன்றவை முதல் வகை. நீண்டகாலச் சிகிச்சையால் வாழ்நாளை நீட்டிக்கக்கூடியவை இரண்டாம் வகை. தொடக்கம் முதலே நோய்த்தணிப்பு மட்டும் இயல்வன மூன்றாம் வகை. கடுமையான மூளை முடக்குவாதம் போன்று, தாமே வளராவிடினும் உயிர்க்கு ஊறு விளைவிக்கும் சிக்கல்களைத் தருவன நான்காம் வகை. இவ்வகைகளுள் எதனைச் சார்ந்தது என்பதைப் பொறுத்தே குடும்பத்தின் தேவையும் மாறுபடும். குருதிப் புற்றுநோய் வகைகளுள் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 ஆண்டுகள் சிகிச்சை தேவை. தசைச் சிதைவு நோயோ குழந்தைப் பருவம் முழுவதும் நீடிப்பது.

புற்றுநோய் என்ற சொல்லே மரணத் தீர்ப்பாகக் கொள்ளப்படுவது நம் சமூகத்தில் இன்றும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, வளம் மிக்க நாடுகளில் புற்றுநோயுற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய நாடுகளிலோ அவ்வளவு 30 விழுக்காட்டிற்கும் குறைவு. 2030க்குள் உலக அளவில் 60 விழுக்காட்டினரையேனும் காத்தல் வேண்டும் என அந்நிறுவனம் 2018இல் இலக்கு வகுத்தது.

இனி, 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு' என்னும் தொடரைத் தெளிவுபடுத்துதல் இன்றியமையாதது. அது கைவிடலின் மறுபெயர் அன்று. குழந்தைகளுக்கான அப்பராமரிப்பு, நோய் கண்டறியப்பட்டபோதே தொடங்குவது, நோயைக் குணப்படுத்தும் சிகிச்சையோடு உடன்செல்லக்கூடியது, குடும்பத்திற்குத் துணையாதலையும் உள்ளடக்கியது என 1998இலேயே அந்நிறுவனம் வரையறுத்தது. குழந்தைகளுக்கெனத் தனியே அமைந்த முதல் பராமரிப்பு இல்லம் 1982இல் ஆக்ஸ்ஃபர்டில் 'ஹெலன் ஹவுஸ்' என்னும் பெயரில் தோன்றியது. நம் நாட்டில் 1991இல் தொடங்கப்பெற்ற 'ஹோஸ்பிஸ் மலேசியா' நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்று பணியாற்றி வருகிறது. சிங்கப்பூரில் குழந்தைகளுக்கான இல்லப் பராமரிப்பாக 'ஸ்டார் பால்ஸ்' 2012இல் தொடங்கியது.

மருத்துவமனையின் மொழியும் வீட்டின் மொழியும்

நம் மருத்துவமனைகளில் விளக்கம் பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைகிறது. முடிவெடுக்கும் வேளையில் வீட்டில் ஒலிப்பதோ தமிழ். இடையே பொருள் சிதைவுறுகிறது. 'நோயின் அறிகுறிகள் அடங்கியுள்ளன' என்று மருத்துவர் கூறுவதை 'குணமாகிவிட்டது' என வீட்டார் விளங்கிக்கொண்டால், சிகிச்சை இடையில் நிறுத்தப்படும் இடர் நேரும். 'இனி வலியைத் தணிப்பதில் கருத்துச் செலுத்துவோம்' என்பதை 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' எனக் கொண்டால், கிடைக்கத்தக்க உதவியையும் குடும்பம் நாடாது போகும்.

இவ்விடத்தில் பிறிதொரு வழக்கத்தையும் சுட்ட வேண்டும். பெரியோர்க்கு மலாய் சரளமாக வராத இல்லங்களில், பள்ளி செல்லும் மூத்த பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிறுத்தப்படுவதுண்டு. தம்பியின் நோய்நிலையைத் தாய்க்கு எடுத்துரைக்கும் பொறுப்பினைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மேல் சுமத்துதல் தகாது. வளர்ந்த உறவினர் ஒருவரையோ மருத்துவமனைச் சமூகநலப் பணியாளரையோ நாடுமாறு ஆசிரியர் எடுத்துக்கூறலாம்.

பழிச்சொற்களையும் நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 'முன்வினை', 'தோஷம்' என்பன ஆறுதலாகச் சொல்லப்படினும், தாயின் செவியில் குற்றச்சாட்டாகவே ஒலிக்கும். குழந்தைப் புற்றுநோய்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பெற்றோரின் செயல் எதுவும் காரணமன்று என்பதைத் தெளிவாகச் சொல்லுதலே உண்மையான ஆறுதலாம்.

சொல்வதா, மறைப்பதா?

குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்பது பெரியோரின் நம்பிக்கை. மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் 3 முதல் 9 வயது வரையிலான குருதிப் புற்றுநோய்க் குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி, 1978இல் தம் நூலை வெளியிட்டார். யாரும் சொல்லாமலே அக்குழந்தைகள் தம் நிலையை அறிந்திருந்தனர் என்பதும், பெற்றோர் துயருறுவர் என எண்ணி அறியாதவர் போல நடந்துகொண்டனர் என்பதும் அவர்தம் முடிவு. ஒருவரையொருவர் காக்கும் பொருட்டு இருசாராரும் தனித்துப்போகின்றனர்.

சுவீடனில் குழந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெற்றோரை வினவி, உல்ரிகா கிரெய்க்பெர்க்ஸ் முதலானோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. இறப்பைப் பற்றிக் குழந்தையோடு பேசிய 147 பெற்றோருள் ஒருவரும் அதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேருள் 69 பேர் வருந்தினர். தம் குழந்தை தன் நிலையை உணர்ந்திருந்தது என எண்ணியோரிடையே அவ்வருத்தம் மிகுந்திருந்தது. எனினும், பேசாதோரிற் பெரும்பான்மையோர் வருந்தவில்லை என்பதையும் மறத்தலாகாது. ஆகவே, பேசியே தீரவேண்டும் என எவரையும் வற்புறுத்துதல் முறையன்று. குழந்தை வினவும்போது வாயடைக்காதிருத்தலே நாம் கொள்ளத்தக்க நெறி.

வினவுவது உடன்பிறந்த சிறுவனாயின் சொற்றேர்வு இன்னும் கவனத்திற்குரியது. இறப்பைக் குறிக்கத் தமிழில் மங்கல வழக்குகள் பல உள. 'தவறிவிட்டான்' என்பதைச் சிறுவன் தவறு செய்தான் என்றோ தொலைந்துபோனான் என்றோ கொள்வான். 'தூங்குகிறான்' என்றால் உறங்கவே அஞ்சுவான். 'சாமி கூட்டிக்கொண்டது' என்றால் கோயிலுக்கு வர மறுப்பான். 'இறந்துவிட்டான், இனி வரமாட்டான், அதற்கு நீ காரணமல்ல' என்னும் நேரிய சொற்களே அவனுக்குப் புரிவன.

ஆசிரியர் ஆற்றத்தக்கவை

முதலாவதாக, மாணவன் பள்ளியை இழந்துவிடாது காத்தல் வேண்டும். மலேசியக் கல்வி அமைச்சு 2011இல் மருத்துவமனைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய பள்ளி உள்ளதா எனப் பெற்றோர் வினவுமாறு தூண்டலாம். வகுப்புத் தோழர் எழுதிய மடல், வருகைப் பதிவேட்டில் நீங்காத பெயர் ஆகியவை அவன் இன்னும் மாணவனே என்பதை உணர்த்தும்.

இரண்டாவதாக, சிகிச்சைக்கு இடையே பள்ளிக்குத் திரும்பும் மாணவனுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். வகுப்பில் எவர்க்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், அன்றே பெற்றோருக்குத் தெரிவித்தல் வேண்டும். காலத்தே அறிந்தால் தடுப்பு மருத்துவத்திற்கு வழியுண்டு. மாணவனுக்குக் காய்ச்சல் கண்டாலும் காத்திராது உடனே அறிவித்தல் கடன். முடி உதிர்ந்தமை குறித்து எள்ளல் எழாதவாறு, பெற்றோர் இசைவுடன், வகுப்பிற்கு முன்னரே விளக்குதலும், புற்றுநோய் தொற்றுநோயன்று எனத் தெளிவித்தலும் நலம்.

மூன்றாவதாக, உடன்பிறந்தாரை மறவாதிருத்தல் வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் வரும் அண்ணனும், காரணமின்றி அழும் தங்கையும் அதே பள்ளியில் இருக்கக்கூடும். 'தம்பி எப்படி இருக்கிறான்?' என்பதோடு, 'நீ எப்படி இருக்கிறாய்?' என்றும் வினவும் ஒருவர் அவர்களுக்குத் தேவை.

நான்காவதாக, உதவியைப் பெயர் சொல்லி அளித்தல் வேண்டும். 'ஏதேனும் வேண்டுமானால் கேளுங்கள்' என்பது சுமையைப் பெற்றோர் மீதே ஏற்றுவது. 'வெள்ளிக்கிழமை மாலை மூத்தவளை நாங்கள் அழைத்துவருகிறோம்' என்பதே உதவி.

முடிவுரை

இழப்பிற்குப் பின் புலம்புவதற்குத் தமிழில் வளமான மரபு உண்டு. புறத்திணையின் கையறுநிலைத் துறையும் நாட்டார் வழக்கின் ஒப்பாரியும் அதற்குச் சான்று. இழப்பு நேருமோ நேராதோ என ஐயுற்று வாழும் நீண்ட இடைக்காலத்திற்கு உரிய மொழியே நம்மிடம் குறைவு. அம்மொழிக்கு அணி வேண்டுவதில்லை. பொய்யுரையாமை, பழி சுமத்தாமை, கேட்டற்குப் பொறுமை ஆகியவையே அதன் இலக்கணம். ஆசிரியப் பயிற்சியில் அதற்கு ஒரு பாடவேளையேனும் ஒதுக்குதல் வேண்டும் என்பதே நம் பரிந்துரை.